மேற்கிலிருந்து காற்று

மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிற ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் பகவதியின் ஆபீஸ் இருந்தது. முதலில் அங்கே செல்போன் விளையாட்டுகள் செய்தார்கள். பஸ் ஓட்டுவது, காய்கறி வெட்டுவது என்று பலதும் செய்து பார்த்தார்கள், எதுவும் ஓடவில்லை. பிறகு விளையாட்டை ஓட்டும் அதே கேம் எஞ்சின் மென்பொருளை வைத்துத் தொழிற்சாலைகளுக்கான பயிற்சிகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் தொழிற்சாலையே எதிரில் வந்து நிற்கும். குழாய் வெடிக்கும், சைரன் ஊதும், புகை துரத்தும். சரியான வழியில் ஓடி வெளியே போக வேண்டும்.

படம் வரைகிறவர்கள், பொருள்களுக்கு உருவம் கொடுக்கிறவர்கள் என்று அங்கே பலர் இருந்தார்கள். பகவதியின் வேலை கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சினுக்குள் பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் ஓடுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எஞ்சின் தனக்கென்று ஒரு பைத்தானை உள்ளேயே வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் வேறு எத்தனை பைத்தான் இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது தெரியாமல், தேவையான பேக்கேஜை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, எஞ்சின் அதைக் காணவில்லை என்று சொல்கிறதே என்று விழிப்பார்கள். ஆகவே ப்ராஜெக்டைத் திறந்தவுடன் ஓடுகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை அவள் எழுதிவைத்திருந்தாள். வேண்டிய பேக்கேஜுகள் ப்ராஜெக்டுக்குள் இருக்கின்றனவா என்று அது பார்க்கும். இல்லாததை, ஸ்கிரிப்டில் குறித்திருக்கும் வெர்ஷன் நம்பரைப் பார்த்து, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். யாரும் அதைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் நடந்தது.

அவளுடைய அப்பா நாகர்கோவில்காரர். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் லேத் பிரிவில் இருந்தார். பகவதி அந்த டவுன்ஷிப்பிலேயே பிறந்து, அங்கேயே படித்தவள். கணவர் சம்பந்தம் லாலாகூடா ரயில்வே பட்டறைக் குடும்பம். நகரத்துக்கு மேற்கே, மருந்துக்கான மூலப்பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பாதுகாப்பு சூப்பர்வைசர். அந்தத் தொழிற்சாலையின் பயிற்சியைச் செய்யும் வேலை பகவதியின் ஆபீசுக்கு வந்ததே அவர் மூலமாகத்தான். பாதுகாப்பு அதிகாரி ராஜாராமனிடம், "எங்க வீட்ல இதைத்தான் சார் பண்றாங்க" என்று ஒருநாள் சொல்லியிருந்தார்.

தொழிற்சாலையின் நடுவில் குளோரின் சிலிண்டர்கள் வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதே பயிற்சி. குளோரின் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து காற்றடிக்கிற பக்கம் போகும். அது எப்படிப் போகும் என்று கணக்குப் போடுவதற்கு ஒரு பைத்தான் பேக்கேஜ் இருந்தது. காற்றின் வேகத்தையும் திசையையும் கொடுத்தால், புகை செல்லும் பாதையைத் தரும். அந்தப் பாதையை எஞ்சின் பச்சைப் புகையாகக் காட்டும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் காற்று மேற்கிலிருந்து வரும். குளிர்காலத்தில் மாறிக் கிழக்கிலிருந்து வரும். எந்தப் பருவம் வேண்டுமோ அதைத் தொழிற்சாலையிலேயே மாற்றிக்கொள்ள வசதி வேண்டும் என்று ராஜாராமன் கேட்டதால், முழு ப்ராஜெக்டையே அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கொடுக்க வேண்டிய வாரத்தில் பிரச்சினை வந்தது. புது ஹெட்செட்டுகளுக்காக எஞ்சினைப் புது வெர்ஷனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. புது எஞ்சினோடு புது பைத்தான் வந்தது. அதில் அந்தக் காற்றுப் பேக்கேஜின் பழைய வெர்ஷன் ஏறவில்லை. பகவதி அதை உடைத்து, சில வரிகளைக் கையால் திருத்தி, தன் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படியோ ஏற்றிப் பார்த்தாள். ஓடியது. ஆனால் அப்படி ஒட்டுப்போட்டதைத் தொழிற்சாலைக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழுத்தலைவர் விஸ்வநாத்திடம் போனாள்.

"பழைய வெர்ஷன் ஏற மாட்டேங்குது சார். புதுசு ஒண்ணு வந்திருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி கணக்குப் போடுதான்னு பாக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளுக்கு எங்கே போறது? வெள்ளிக்கிழமை இன்ஸ்டால் பண்ணியாகணும். வெர்ஷன் நம்பரை எடுத்து விட்டுடு. எது புதுசோ அது இறங்கிக்கட்டும்."

"அப்படி விடறது சரியில்ல சார். நாளைக்கு அவங்க ஏதாவது மாத்தினா நமக்குத் தெரியாமலே..."

"டெஸ்ட் ஓட்டிப் பாரு. பாஸ் ஆச்சுன்னா அனுப்பிடு."

அவள் நம்பரை எடுத்தாள். டெஸ்டைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். எல்லாம் பாஸ் ஆனது. அங்கே ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் இருந்ததால் ஸ்கிரிப்ட் புதியதை இறக்கவே இல்லை. டெஸ்ட் சரிபார்த்தது அவள் ஒட்டுப்போட்ட பழையதைத்தான். வேலை நெருக்கடியில் அது அவளுக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டை முதல்முறை திறந்தபோது, ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்தது. இல்லாததை இறக்கிக்கொண்டது.

பயிற்சி நன்றாக நடப்பதாகச் சம்பந்தம் வீட்டுக்கு வந்து சொல்லுவார். ஷிப்டு ஷிப்டாகத் தொழிலாளர்கள் வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார்கள், சிலருக்குத் தலை சுற்றுகிறது, ஆனாலும் திரும்பக் கேட்கிறார்கள். ராஜாராமன் முதல் நாளே மாட்டிப் பார்த்து வாந்தி வருகிறது என்று கழற்றியவர், அப்புறம் தொடவே இல்லை.

ஒரு மாலை அடுப்படி வாசலில் நின்று சம்பந்தம் சொன்னார்: "மொதல்ல சைரன் ஊதினா எல்லாம் திருதிருன்னு முழிப்பானுங்க. இப்ப யோசிக்கறதே இல்ல. கால் தன்னால மெயின் கேட்டுக்குப் போயிடுது. கண்ணைக் கட்டி விட்டாலும் போவானுங்க."

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த பகவதியின் கை நின்றது. "மெயின் கேட்டா? பின் கேட் இல்லையா?"

"மெயின் கேட்தான். கைக்கு, எதுக்குக் கேக்கறே?"

ஆபீசில் ராஜாராமனுக்குக் காட்டிய மாதிரியில் எல்லோரும் மேற்கே இருக்கும் பின் கேட்டுக்குத்தான் ஓடினார்கள். கிழக்கே இருக்கும் மெயின் கேட் பக்கம் புகை போயிற்று. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குளிர்காலக் காற்றை வைத்துப் பழக்குகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மகள் ஹம்ஸினி, "அம்மா, பூக் லகி" என்று பசியோடு கூப்பிட்டாள். தோசை கருகியிருந்தது.

ஆனாலும் அந்தச் சந்தேகம் போகவில்லை. அடுத்த சில நாட்கள் பஸ்ஸில் போகும்போதும், சாப்பிடும்போதும், மெயின் கேட் என்ற சொல் இடையில் வந்து நின்றது. ஆகஸ்ட் மாதம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேற்கிலிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. இந்தக் காலத்தில் எதற்குக் குளிர்காலக் காற்றை வைத்துப் பழக்க வேண்டும்?

தொழிற்சாலை கேட்ட ஒரு சின்ன மாற்றத்தைக் கோபி செய்துகொண்டிருந்தான். செகந்திராபாத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கொட்டகைக்கு மேலே காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தார்கள். நிஜத் தொழிற்சாலையிலும் அது இருக்கிறது, ஆரஞ்சும் வெள்ளையுமாக. பகவதி தேநீர்க் கோப்பையோடு அவன் பின்னால் போய் நின்றாள். திரையில் துணிப்பை உப்பி ஆடியது. கீழே பச்சைப் புகை அதே பக்கமாக ஊர்ந்தது.

"அழகா வந்திருக்கு கோபி."

"ரொம்பப் படுத்திடுச்சு அக்கா. எஞ்சின்ல இருக்கற காத்தோட இதை இணைச்சேன். பை ஒரு பக்கம் பறக்குது, புகை அதுக்கு எதிர்ப்பக்கம் போகுது. நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு பையைத் திருப்பி வெச்சுட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணா போகுது."

"திருப்பி வெச்சியா? எவ்வளவு?"

"நேர் எதிரா அக்கா. நூத்தி எண்பது."

அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள். "இது உன் புது கம்ப்யூட்டர்தானே?"

"ஹவ் அக்கா, இதுதான். போன வாரம் குடுத்தாங்க. ப்ராஜெக்ட் தானாவே எல்லாத்தையும் இறக்கிக்கிச்சு."

பகவதி அவனை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எஞ்சினின் பைத்தான் சாளரத்தைத் திறந்து, காற்றுப் பேக்கேஜின் வெர்ஷனைக் கேட்டாள். புதியது. தன் இடத்துக்குப் போய் அதே வரியைத் தட்டினாள். பழையது. இரண்டிலும் ஒரே கணக்கைக் கொடுத்தாள். காற்றின் திசை மேற்கு. அவள் கம்ப்யூட்டரில் புகை கிழக்கே போனது. கோபியின் கம்ப்யூட்டரில் மேற்கே போனது.

மேற்கு என்று சொன்னால், மேற்கிலிருந்து வரும் காற்று என்று பழைய பேக்கேஜ் எடுத்துக்கொண்டது. வானிலைக்காரர்கள் சொல்லும் முறை அதுதான். புதியது, மேற்கு நோக்கிப் போகும் காற்று என்று எடுத்துக்கொண்டது. எழுதியவர்கள் எங்கோ ஒரு மூலையில் அதைக் குறிப்பிட்டும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொழிற்சாலையில் அத்தனை பேரும், மழைக்காலக் காற்றில், கசியும் குளோரின் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே ஓடுவதற்கு மறுபடி மறுபடி பழகியிருக்கிறார்கள். மெயின் கேட் அகலமானது, தினமும் பஸ் ஏறுகிற இடம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பகவதி சொன்னதை விஸ்வநாத் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"பண்ணிட்டேன் சார். காத்துத் திசையைத் திருத்தி, பேக்கேஜை ப்ராஜெக்டுக்குள்ளேயே வெச்சுட்டேன். இனிமே எதுவும் இணையத்திலேர்ந்து இறங்காது."

"அப்ப ஆச்சு. கோபி செய்யற மாத்தத்தோட சேத்து அனுப்பிடலாம். தனியா மெயில் எதுவும் போட வேண்டாம்."

"ஏற்கெனவே பழகினவங்க?"

"தசராவுக்கு அப்புறம் ரெண்டாவது ரவுண்டு இருக்கில்ல. சரியா கத்துப்பாங்க."

"அதுவரைக்கும் சார்?"

"பகவதி, அந்த ஃபேக்டரி இருபது வருஷமா ஓடுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. இப்ப நாமளா போய்த் தப்புன்னு சொன்னா அடுத்த ஃபேக்டரிகூட நமக்கு வராது. இங்க எத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தபடியே வெளியே வந்தாள். கோபி துணிப்பையைப் பழையபடி திருப்பிவைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் சம்பந்தத்திடம் சொல்லிவிட்டாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ காலிலேயே இருந்தது.

"நெசமாவா சொல்றே?"

"பொய் சொல்லுதேனா? ரெண்டு மெஷின்லயும் ஓட்டிப் பாத்துட்டேங்க."

"நானே எத்தனை பேருக்கு அதை மாட்டி விட்டிருக்கேன்." மற்ற ஷூவையும் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பரவால்ல, நாளைக்கு என் ஷிப்டுக்குச் சொல்லிடறேன். பின் கேட்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. நானும்தான் இப்ப புரிஞ்சுக்கிட்டேனில்ல."

சனிக்கிழமை ஆபீசில் யாரும் இல்லாதபோது அவரை அங்கே வரச் சொன்னாள். திருத்திய ப்ராஜெக்டைத் திறந்து ஹெட்செட்டை அவருக்கு மாட்டினாள். எதைப் பார்க்கப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். புகை கிழக்கே போகும், பின் கேட்டுக்கு ஓட வேண்டும். மாட்டுவதற்குமுன் அவரே அதை வாயால் சொன்னார்.

பகவதி சைரனை ஒலிக்கவிட்டாள்.

சம்பந்தத்தின் தோள் திரும்பியது. திரையில் அவர் பார்ப்பது அவளுக்கும் தெரிந்தது. கொட்டகை, சாலை, தூரத்தில் மெயின் கேட்டின் நீல வளைவு. அவர் அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பச்சைப் புகை பின்னாலிருந்து தவழ்ந்து வந்து, அவரைச் சுற்றி, திரை முழுவதும் மூடியது. அப்புறம் கறுப்பு.

ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அவர் அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை.

"எனக்குத் தெரியும் பகவதி," என்றார். "பின் கேட்னு மனசுல சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். சத்தம் கேட்டதும் கால் போயிடுச்சு."

மறுபடி செய்தார்கள். இரண்டாம் முறை பாதி தூரம் போய்த் திரும்பினார். மூன்றாம் முறைதான் சரியாகப் போனார். அவருக்கு அது தெரிந்திருந்தது, அதனால் மூன்று முறை. தெரியாதவர்களை நினைத்தபடியே இருவரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பகவதி விஸ்வநாத்திடம் கேட்காமலே ராஜாராமனுக்கு எழுதினாள். சுற்றிவளைக்கவில்லை. பயிற்சியில் காற்றின் திசை தலைகீழாக இருக்கிறது, உடனே நிறுத்துங்கள், பழகியவர்கள் எல்லோரையும் நிஜ முற்றத்தில் ஓடவைத்துப் பழக்குங்கள். அனுப்பியதை விஸ்வநாத்துக்கும் தெரியப்படுத்தினாள். பத்து நிமிஷத்தில் அவர் அவள் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீ கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு," என்றார். சாயங்காலத்துக்குள் அவளுடைய ஆபீஸ் மெயிலோ லாகினோ எதுவும் திறக்கவில்லை.

ராஜாராமன் நல்ல மனிதர். அன்றே பயிற்சியை நிறுத்தினார். ஒவ்வொரு பிரிவின் வாசலிலும், கசிவு ஏற்பட்டால் பின் கேட் என்று தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி ஒட்டச் சொன்னார். எல்லா ஷிப்டுகளையும் வைத்து நிஜமான ஒத்திகைக்கு மேலிடத்தில் அனுமதி கேட்டார். உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்பதால் அனுமதி வருவதற்குத் தாமதமானது. கடைசியில் அடுத்த திங்கட்கிழமை என்று முடிவானது. சம்பந்தம் தினமும் தன் ஷிப்டு ஆட்களைப் பின் கேட் வரை நடக்கவைத்தார். சிலர் சிரித்தார்கள். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்வரை பகவதி பால்கனியில் நின்றாள். கீழே கொடியில் காயும் துணிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்க்கும் வழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எப்போது பார்த்தாலும் கிழக்கே பறந்தன.

ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், குளோரின் கொட்டகையில் ஒரு சிலிண்டரின் வால்வு விட்டுப்போனது.

அங்கே நடந்ததைச் சம்பந்தம் பிறகு அவளிடம் துண்டு துண்டாகத்தான் சொன்னார். மழை பெய்து விட்டிருந்தது. சைரன் ஊதியது. அவர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து நாலடி கிழக்கே ஓடியிருந்தார். அப்புறம்தான் நின்றார். பக்கத்துப் பிரிவுகளிலிருந்து ஆட்கள் மெயின் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் தள்ளுமுள்ளு செய்யவில்லை, கத்தவில்லை. பழக்கிய மாதிரியே வரிசையாக, சீரான ஓட்டமாக வந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் சாலைக்கு ஓடினார்.

கர்ச்சீப்பை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு சாலையின் நடுவில் கையை விரித்து நின்றார். "பீச்சே கா கேட், பீச்சே ஜாவ், அங்க போகாதே" என்று, பின் கேட்டுக்குத் திரும்பச் சொல்லித் தெரிந்த பாஷையிலெல்லாம் கத்தினார். வாசல்களில் ஒட்டியிருந்ததை எல்லோரும் படித்திருந்தார்கள். ஆனாலும் அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிய பிறகுதான் முதல் ஆள் நின்றான். நின்றவன் திரும்பினான். அவனைப் பார்த்து மற்றவர்கள் திரும்பினார்கள். அந்தச் சாலையில் வந்த அத்தனை பேரும் பின் கேட் வழியாக வெளியே போனார்கள்.

பாய்லர் பிரிவிலிருந்து மெயின் கேட்டுக்கு வேறொரு சந்து உண்டு. அந்த வழியாக வந்தவர்கள் சம்பந்தத்தைப் பார்க்கவே இல்லை. ஐந்தாறு பேர் மூச்சுத் திணறி கேட்டுக்கு அருகில் விழுந்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்கள். சின்னசாமி என்ற பாய்லர் ஆள், சேலத்துப் பக்கம், மறுநாள் காலையில் இறந்துபோனார்.

சம்பந்தமும் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய குரல் கெட்டுவிட்டது. பேசினால் சருகை மிதிக்கிற மாதிரி இருந்தது. ஹம்ஸினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, "நானா, நுவ்வு மாட்லாடகு" என்றாள். அப்பா பேச வேண்டாமாம். அவரும் பேசாமல் அவள் தலையில் கை வைத்திருந்தார்.

விஸ்வநாத் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்து பகவதியைப் பார்த்தார். பழம் வாங்கி வந்திருந்தார்.

"விசாரணை வரும். நாம முன்னாடியே சரி பண்ணிக் குடுத்துட்டோம், அவங்கதான் ஏத்தாம விட்டுட்டாங்கன்னு சொல்லணும். உன் வேலை அப்படியே இருக்கும். நான் பொறுப்பு."

"நாம குடுக்கலையே சார்."

"குடுக்க ரெடியா இருந்தோமில்ல."

"வெர்ஷன் நம்பரை எடுத்தது நான். எடுக்கச் சொன்னது நீங்க. அதைத்தான் சொல்லப் போறேன்." பழப்பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "உள்ள அவரு தூங்குதாரு."

சின்னசாமியின் மனைவி சுமலதாவைப் பார்க்கப் போக அவளுக்குத் தைரியம் வரச் சில வாரங்கள் ஆயின. பட்டான்செருவுக்கு அருகில் ஓர் அறை வீடு. சுமலதா தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். நாற்காலி கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பகவதியும் தரைக்கு இறங்கினாள். தான் யார், என்ன வேலை செய்தவள், என்ன தவறு நடந்தது என்று சொன்னாள். பேக்கேஜ், வெர்ஷன் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, "நாங்க செஞ்ச பயிற்சியில புகை எதிர்ப்பக்கமா போச்சு, அதனால உங்க வீட்டுக்காரரு தப்பான பக்கம் ஓடப் பழகிட்டாரு" என்று சொன்னாள்.

சுமலதா கேட்டாள்: "அந்தக் கண்ணாடி மாட்டி ஓடறதுல அவரு ஃபர்ஸ்ட் வந்தாரு. கைதட்டினாங்களாம். வீட்டுக்கு வந்து எங்ககிட்ட ஓடிக் காட்டினாரு. அதுவா?"

"அதுதான்."

"ஃபேக்டரில எங்களுக்கு வேற சொன்னாங்க. பயந்துபோய் வழி தெரியாம ஓடிட்டாருன்னு சொன்னாங்க."

"இல்லம்மா. அவரு பயப்படல. கத்துக்குடுத்த மாதிரியே ஓடினாரு."

சுமலதா அழுதாள். பகவதியைப் போகச் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும், "இதை அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

விசாரணை பல மாதங்கள் இழுத்தது. பகவதி இரண்டு மடிக்கணினிகளை எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரிகளுக்கு முன்னால் ஒன்றில் பழைய பேக்கேஜையும் மற்றதில் புதியதையும் ஏற்றி, ஒரே கணக்கைக் கொடுத்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். ஒரு திரையில் புகை வலப்பக்கம் போனது, மற்றதில் இடப்பக்கம். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னார். பின்வரிசையில் சுமலதா முந்தானையை வாயில் அழுத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பகவதி தன் பங்கையும் மறைக்கவில்லை. டெஸ்டைத் தன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டிவிட்டு அனுப்பியதைச் சொன்னாள்.

அறிக்கையில் துருப்பிடித்த வால்வு முதல் காரணம், தவறான பயிற்சி இரண்டாவது. தெரிந்த பிறகும் சொல்லாமல் வைத்திருந்ததற்காக விஸ்வநாத்தின் நிறுவனத்தைக் கடுமையாகக் குறித்திருந்தார்கள். சின்னசாமி பயந்து ஓடவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சுமலதா தெரிந்தவர்களிடம் படித்துக் காட்டச் சொன்னாளாம். நிறுவனம் அந்தப் பிரிவை மூடியது. கோபி பெங்களூருக்குப் போய்விட்டான். பகவதிக்கு ஒரு வருஷம் யாரும் வேலை கொடுக்கவில்லை. நேர்காணலில் பழைய நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் பேச்சு சுருங்கிவிடும். இப்போது பாலாநகரில் ஒரு சின்ன இடத்தில், இயந்திரங்களின் மாதிரிகளைச் செய்கிறவர்களிடம் இருக்கிறாள். வேறு ஒரு கம்ப்யூட்டரில், எதுவும் ஏற்றாத புதுக் கம்ப்யூட்டரில், ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டாள். மெதுவாக வேலை செய்கிறவள் என்று அங்கே பெயர்.

சுமலதாவுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். ஹெட்செட்டுகளை எங்கோ பூட்டிவைத்துவிட்டார்கள். ஒத்திகை இப்போது முற்றத்திலேயே நடக்கிறது, மாதம் ஒருமுறை, நிஜ சைரனோடு. சம்பந்தம் கரகரத்த குரலில் கத்த முடியாது, அதனால் விசில் வைத்திருக்கிறார்.

போன மாதமும் சைரன் ஊதியது. வானம் மூடியிருந்தது, காற்று மேற்கிலிருந்து வந்தது. எல்லோரும் பின் கேட் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் மட்டும், பழைய ஆட்கள், சீரான ஓட்டமாக மெயின் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். விசில் அவர்கள் காதில் விழவில்லை. சம்பந்தம் பின்னாலேயே ஓடி, இருவரின் தோளையும் தொட்டு நிறுத்தினார். திட்டவில்லை. கையைப் பிடித்து, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக மெல்ல நடத்தி அழைத்து வந்தார்.